சூப்பர் ஹீரோ தொடரில் குணம் மாறும் பாத்திரங்களும் அவசரமாக முடியும் கிளைக்கதைகளும்: சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு காமிக்ஸ் தொடர் ஏழெட்டு இதழ்களைத் தாண்டியதும் இரண்டு புகார்கள் சேர்ந்தே வரும். "இந்தப் பாத்திரம் இப்படியெல்லாம் செய்யாதே" என்பது ஒன்று. "அந்தத் தம்பி கதையை ஏன் இப்படிச் சட்டென்று முடித்துவிட்டார்கள்" என்பது இன்னொன்று. புதிதாக எழுத வருபவர்கள் இவற்றைத் தனித்தனிச் சிக்கல்களாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் புகாருக்கு வசனத்தைத் திருத்துவார்கள், இரண்டாவதற்கு ஒரு விளக்கப் பெட்டியைச் சேர்ப்பார்கள். இரண்டும் வேலைக்கு ஆகாது.

பெரும்பாலும் வேர் ஒன்றுதான். ஒரு மனிதர் மாறுவதைக் காட்டத் தேவையான பக்கங்களை யாரும் முன்கூட்டி ஒதுக்கவில்லை. முதன்மைக் கதை சண்டையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாத்திரங்கள் மெல்ல மாறுவது கிளைக்கதைகளில்தான். அந்த இடம் சுருங்கினால் மாற்றம் காணாமல் போய் முடிவு மட்டும் பக்கத்தில் நிற்கும். ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். நான் பார்த்தவரை தடுமாறியவர்களில் பெரும்பாலோர் எட்டாம் படியிலிருந்து தொடங்கியவர்கள்.

விளக்க வசதியாக ஒரு கற்பனைத் தொடரை வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 இதழ்கள், இதழுக்கு 20 பக்கம். நாயகி ஆதிரை ஒலியலைகளை ஆள்பவள். அக்காவின் ரகசியம் தெரியாத தம்பி கதிர். ஆதிரைக்குப் பயிற்சி கொடுத்து, பின்னால் எதிரியாக மாறிய மாறன். 8 இதழ்கள் வெளிவந்துவிட்டன, 4 மிச்சம்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெளிவந்த இதழ்கள் அனைத்தும், வாசகர் பார்த்த வடிவத்திலேயே வேண்டும். ஸ்கிரிப்டை வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஸ்கிரிப்டில் "தயங்குகிறாள்" என்று எழுதியிருப்பீர்கள், வரைந்த முகத்தில் தயக்கமே இருக்காது. வாசகருக்குத் தெரிந்த ஆதிரை அந்த முகம்தான்.

அடுத்து மூன்று தகவல்கள்: இன்னும் எத்தனை இதழ்கள் மிச்சம், இதழுக்குக் கதைப் பக்கம் எத்தனை, எந்தப் பக்கங்கள் ஏற்கெனவே ஓவியரிடம் போய்விட்டன. அமெரிக்க மாத இதழ்களில் இப்போது 20 பக்கக் கதை வழக்கமான அளவு, 22-ம் உண்டு. உங்கள் அளவு எதுவானாலும் அந்த எண் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழாம் படியில் எல்லாம் கலைந்துபோகும்.

அப்புறம் ஒரு விரிதாள், அல்லது சுவரில் ஒட்டும் அளவுக்குப் பெரிய தாள்.

2. முதலில் வாசியுங்கள், எதையும் திருத்தாதீர்கள்

எல்லா இதழ்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். மாதாமாதம் எழுதியவருக்குத் தெரியாத ஓட்டைகள் தொடர்ந்து வாசிப்பவருக்கு உடனே தெரியும். காட்சிக்கு ஒரு வரி எழுதினால் போதும்: இதழ், பக்கம், யார், என்ன செய்தார்.

"செய்தார்" என்பது முக்கியம். "ஆதிரை இரக்கமுள்ளவள்" என்று குறித்தால் அது உங்கள் கருத்து. "இதழ் 3, பக்கம் 14: தப்பி ஓடும் திருடனை விட்டுவிட்டு இடிபாட்டில் சிக்கிய பெரியவரைத் தூக்கினாள்" என்று குறித்தால் அது சாட்சி. விவரிப்புப் பெட்டிகளில் வரும் புகழுரைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாசகர்கள் அவற்றை நம்புவதில்லை, செயலைத்தான் நம்புகிறார்கள்.

வாசிக்கும்போதே திருத்தக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். இதழ் 3 சரி, இதழ் 7 தவறு என்று இப்போதே முடிவு செய்தால், முதலில் வாசித்தது என்ற ஒரே காரணத்துக்காக இதழ் 3 ஜெயித்துவிடும். 7-ல் இருப்பதுதான் சுவாரசியமான ஆதிரையாகக்கூட இருக்கலாம்.

3. ஒவ்வொருவருக்கும் ஐந்து வரிக் குறிப்பு

பிறந்த தேதி, பிடித்த நிறம், கண் நிறம் என்று நாலு பக்கத்துக்கு ஜாதகம் எழுதுவது புதியவர்களின் வழக்கம். எழுதி முடித்தபின் அதை யாரும் திறப்பதில்லை. காட்சி எழுதும்போது உதவுகிற ஐந்து கேள்விகள் போதும்: இவருக்கு என்ன வேண்டும்? எதை மட்டும் செய்யவே மாட்டார்? இவருக்கு என்ன தெரியும், எந்த இதழில் தெரிந்தது? சக்தியின் எல்லை எது? எப்படிப் பேசுவார்?

பதிலை இரண்டாம் படியின் சாட்சிகளிலிருந்து மட்டும் எழுதுங்கள். உங்கள் மனதில் இருப்பது பக்கத்தில் இல்லையென்றால், அது இன்னும் அந்தப் பாத்திரத்தின் குணம் ஆகவில்லை.

மூன்றாவது கேள்வியை யாரும் பொருட்படுத்துவதில்லை. சூப்பர் ஹீரோ கதைகளில் ரகசிய அடையாளம்தான் பாதி நாடகம். முகமூடிக்குப் பின்னால் இருப்பது யார் என்று யாருக்குத் தெரியும், யாருக்குச் சந்தேகம் மட்டும், யாருக்குத் தெரியவே தெரியாது என்று இதழ்வாரியாகக் குறித்து வையுங்கள். குணம் மாறிவிட்டதாகத் தோன்றும் பல இடங்களில், அந்தப் பாத்திரம் தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர்போல நடந்துகொண்டிருப்பார்.

சக்தியின் எல்லையையும் இதே தாளில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன இதழில் கட்டடத்தையே தாங்கியவள் இந்த இதழில் ஒரு கதவை உடைக்கத் திணறினால் வாசகர் அதைச் சக்திக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார். வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்று நினைப்பார். அது குணத்தின்மேல் விழும் கறை.

4. முரண்களை வகை பிரியுங்கள்

இப்போது காட்சிப் பட்டியலையும் குணக்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முட்டிக்கொள்ளும் இடங்களைக் குறியுங்கள். அவை மூன்று வகைக்குள் அடங்கும், மூன்றுக்கும் மருந்து வேறு.

முதல் வகை வெறும் கவனப்பிசகு. தம்பியை ஓர் இதழில் "கதிர்" என்றும் அடுத்ததில் "டேய்" என்றும் கூப்பிடுவது, காயம் கை மாறிப்போவது போன்றவை. இனி வரும் பக்கங்களில் ஒழுங்காக எழுதினால் போதும். கதைக்குள் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். யாரும் கவனிக்காததை நீங்களே சுட்டிக்காட்டியதாகிவிடும்.

இரண்டாவது வகையில் மாற்றத்துக்கு நியாயம் இருக்கிறது, ஆனால் அது பக்கத்தில் வரவில்லை. மூன்றாவது வகை மோசமானது: சம்பவம் நடக்க வேண்டும் என்பதற்காகப் பாத்திரத்தின் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பது.

இரண்டாவது வகைக்குப் பெரிய நிறுவனங்களிலேயே உதாரணம் உண்டு. அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசியின் கிரீன் லான்டர்ன் தொடரில் ஹால் ஜோர்டான் 1959-லிருந்து இருந்த நாயகன். 1993-ல் வந்த சூப்பர்மேன் கதையில் அவருடைய ஊரான கோஸ்ட் சிட்டி அழிகிறது. 1994-ல் வந்த 48, 49, 50 ஆகிய மூன்றே இதழ்களில் அவர் துக்கத்தில் உடைந்து, தன் சக வீரர்களையே தாக்கி, அவர்களுக்குச் சக்தி தரும் மோதிரங்களைப் பறித்து, வில்லனாகிவிடுகிறார். ஊரே அழிந்தது பலமான காரணம்தான். துக்கத்திலிருந்து கொலைக்கு வரும் படிகளுக்குத்தான் இடம் இல்லை. 2004-ல் தொடங்கிய ஆறு இதழ்த் தனித்தொடர் ஒன்றில், அச்சத்தின் உருவமான பாரலாக்ஸ் அவரைப் பிடித்திருந்தது என்று விளக்கினார்கள். மூன்று இதழ்களில் போட்ட முடிச்சை அவிழ்க்கப் பத்தாண்டு ஆனது. அந்த விளக்கத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு: பழியை வேறோர் உயிரிமேல் போட்டால், அந்த மனிதர் எடுத்த முடிவு அவருடையதாக இல்லாமல் போகிறது.

நம் தொடருக்கு வருவோம். இதழ் 7-ல் மாறனின் வண்டியை நிறுத்த ஆதிரை பாலத்தையே தகர்க்கிறாள். பாலத்தில் மக்கள் இருக்கிறார்கள். இதழ் 3-ல் ஒரு பெரியவருக்காகத் திருடனை விட்டவள் இவள். சந்தேகமே இல்லை, மூன்றாவது வகை. பாலம் விழ வேண்டியிருந்தது, அதனால் இவளை விட்டு விழவைத்தோம்.

உடனே தோன்றும் தீர்வு, "பாலத்தில் ஆள் இருந்தது அவளுக்குத் தெரியாது" என்று ஒரு வசனம். குணக்குறிப்பைப் பாருங்கள். கிலோமீட்டர் தூரத்துப் பேச்சும் அவளுக்குக் கேட்கும் என்று இதழ் 2-லேயே காட்டிவிட்டோம். தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. இந்த மாதிரி இடத்தில்தான் ஐந்து வரிக் குறிப்பு காப்பாற்றுகிறது. அது இல்லாமல் எழுதியிருந்தால் ஒரு முரணை மூட இன்னொன்றை உண்டாக்கியிருப்போம்.

மிஞ்சுவது ஒரே நேர்மையான வழி. அவளுக்குக் கேட்டது, கேட்டும் தகர்த்தாள். இனி அதுதான் கதை. ஒரு பாத்திரம் தன் எல்லையைத் தானே மீறுவது குற்றமில்லை. மீறுவதற்கு முன் ஒரு நெருக்கடி, மீறிய பின் ஒரு விலை, இரண்டும் வாசகர் கண்ணில் பட வேண்டும். முன்பகுதி அச்சாகிவிட்டதால் விலையைப் பெரிதாக வைத்து ஈடுகட்ட வேண்டும். அந்த விலைக்கான இடத்தை அடுத்த படியில் தேடுவோம்.

5. கிளைக்கதைகளைக் கணக்கெடுங்கள்

ஒவ்வொரு கிளைக்கதையையும் ஒரு கேள்வியாக எழுதுங்கள். "கதிர்" என்று எழுதினால் அது ஓர் ஆள். "அக்காதான் அந்த நாயகி என்று தெரிந்தால் கதிர் அவளை ஏற்பானா?" என்பதுதான் கிளைக்கதை. கேள்வியாக எழுத முடியாததை நீக்கிவிடலாம்.

பக்கத்திலேயே கடைசியாக வந்த இதழ், அப்போது நடந்தது, வாசகருக்குக் கொடுத்த வாக்கு ஆகியவற்றைக் குறியுங்கள். கதிர் இதழ் 2-ல் நாயகியைப் பற்றிய செய்தித்தாள் துண்டுகளைச் சேகரிக்கிறான், இரண்டே கட்டங்கள் (பக்கத்தில் உள்ள தனித்தனிப் படச் சட்டங்கள்). அதன்பின் ஆளையே காணோம். இதழ் 12-ல் ஒரே பக்கத்தில் உண்மை தெரிந்து, கண்ணீர் விட்டு, கட்டிக்கொள்வதாகத் திட்டம். அவசரம் என்று வாசகர் சொல்வது இதைத்தான். கடைசிப் பக்கத்தை மூன்றாக நீட்டினாலும் அது தீராது. நடுவில் உள்ள வெற்றிடம்தான் கோளாறு.

எல்லாக் கிளைக்கதையையும் காப்பாற்ற முடியாது. சிலவற்றை இணைக்கலாம், சிலவற்றை அரைப்பக்கத்தில் மூடலாம். மூடும்போதும் அந்தப் பாத்திரம் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கதையை முடிப்பதற்காக ஆளைக் கொல்வது எளிது. சூப்பர் ஹீரோ காமிக்ஸில் அந்த வழி தேய்ந்துபோய்விட்டது, செத்தவர் திரும்பி வருவார் என்று வாசகருக்குத் தெரியும்.

இணைப்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது நான்காம் படியின் முரண்களை. ஆதிரையின் பாலத்துக்கு விலை தேவை, கதிரின் கதைக்கு நடுப்பகுதி தேவை. ஒன்றில் மற்றது கிடைத்துவிடுகிறது. நாயகியைத் தெய்வமாக நினைக்கும் தம்பி, இதழ் 9-ல் சாப்பாட்டு மேசையில் அவளுக்காக வாதாடுகிறான்: "பாவம், பாலத்தில் ஆள் இருந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது." அடுத்த கட்டத்தில் ஆதிரை பேசவில்லை. அதற்கடுத்ததில் அவள் கை மட்டும், தட்டில் அசையாமல். பக்கத்தைத் திருப்பினால் ஒரே ஒரு வசனக் குமிழ்: "தெரிந்திருந்தது."

அந்த ஒரு சொல்லில் ரகசியமும் உடைகிறது, குற்றமும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. இனி கதிர் மன்னிக்க வேண்டியது அவள் ஒளித்ததை மட்டும் அல்ல, அவள் செய்ததையும்.

6. அட்டவணை போடுங்கள்

டிசியில் லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் தொடரை 1980-களில் எழுதிய பால் லெவிட்ஸ் ஒரு முறையைப் பின்பற்றினார். அந்தக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்ட நாயகர்கள், பல கதைகள் ஒரே நேரத்தில் ஓடும். அவர் போட்ட அட்டவணையில் மேலே இதழ்கள், பக்கவாட்டில் கதைகள். ஓர் இதழின் முதன்மைக் கதை ஏ, அடுத்தது பி, அதற்கடுத்தது சி. ஏ முடியும்போது பி அந்த இடத்துக்கு ஏறும், சி இரண்டாவதாகும், புதிதாக ஒன்று கீழே முளைக்கும். ஏறி வந்த கதை வாசகருக்கு ஏற்கெனவே பழக்கமானது, அதனால் திடீரென்று தோன்றாது. இன்றைக்கும் இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை.

கதிரின் வரிசை இப்படி வரும். இதழ் 9: "தெரிந்திருந்தது." இதழ் 10: வீட்டை விட்டுப் போகிறான், சேகரித்த துண்டுகளை மேசையில் விட்டுவிட்டு. இதழ் 11: பாலத்தில் காயமடைந்தவர் ஒருவரைப் போய்ப் பார்க்கிறான். இதழ் 12: தன் முடிவோடு திரும்புகிறான்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஏதோ ஒன்று மாற வேண்டும். "கதிர் வருகிறான்", "கதிர் யோசிக்கிறான்" என்று நிரப்பினால் அட்டவணை நிறைந்ததுபோல் இருக்கும், கதை நகராது. ஒரு வரிசையில் தொடர்ந்து இரண்டு இதழ்களுக்குமேல் காலியாக விடாதீர்கள். மாத இதழ் என்றால் இரண்டு காலிப் பெட்டிகள் வாசகருக்கு இரண்டு மாதம்.

7. பக்கங்களை எண்ணுங்கள்

இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் கடைசி இதழில் மூச்சுத் திணறுகிறார்கள். 20 பக்கம், பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்றால் இதழுக்கு 100 கட்டங்கள். ஒரு முழுப்பக்கப் படம் வைத்தால் ஐந்து போயிற்று. பெரிய செலவு அது.

இதழுக்கு ஏ கதைக்கு 12 பக்கம், பி-க்கு 5, சி-க்கு 2, முழுப்படத்துக்கு 1 என்று வைப்போம். மிச்சமிருக்கும் 4 இதழ்களில் கிளைக்கதைகளுக்குக் கிடைப்பது 28 பக்கம். ஒரு கிளைக்கதைக்கு அறிமுகம், நெருக்கடி, திருப்பம், விளைவு என நான்கு வருகைகள் வேண்டும். திருப்பத்துக்கு மூன்று பக்கமாவது கொடுத்தால் மொத்தம் சுமார் 7 ஆகும். 28-ஐ 7-ஆல் வகுத்தால் 4. உங்கள் பட்டியலில் ஏழு கிளைக்கதைகள் இருந்தால், மூன்று இப்போதே போக வேண்டும். கனமான மனதோடுதான் செய்ய வேண்டியிருக்கும், ஆனால் செய்யுங்கள். ஏழையும் வைத்துக்கொண்டால் ஏழும் அவசரமாக முடியும்.

விளைவுக்கான பக்கத்தைத்தான் முதலில் வெட்டத் தோன்றும், ஏனென்றால் அதில் "எதுவும் நடப்பதில்லை". அதை மட்டும் வெட்டாதீர்கள். நடந்தது அந்த மனிதரை என்ன செய்தது என்று தெரிகிற ஒரே இடம் அதுதான்.

8. ஸ்கிரிப்ட்: கிளைக்கதைப் பக்கங்களை முதலில்

சண்டையை முதலில் எழுதினால் அது தனக்குக் கிடைத்த இடத்தைத் தாண்டிப் பரவும். மிஞ்சியதில் கதிரைத் திணிக்க வேண்டிவரும். அதனால் கதிரின் பக்கங்களை முதலில் எழுதிப் பூட்டிவிடுங்கள்.

அச்சிதழில் முதல் பக்கம் வலப்புறம், இரட்டை எண் பக்கங்கள் இடப்புறம் வரும். திருப்பியதும் முதலில் கண்ணில் படுவது இரட்டை எண் பக்கம். "தெரிந்திருந்தது" அங்கே இருக்க வேண்டும், மேசைக் காட்சி அதற்கு முந்தைய ஒற்றை எண் பக்கத்தில் முடிய வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால் வாசகரின் கண் முன்கூட்டியே தாவிவிடும். கைபேசியில் கீழே உருட்டி வாசிக்கும் வடிவம் என்றால் திருப்பும் பக்கம் கிடையாது, நீண்ட வெற்றிடம் விட்டு அதே காத்திருப்பை உண்டாக்கலாம்.

வசனத்தில் மாற்றத்தை விளக்காதீர்கள். "நான் பழைய ஆதிரை இல்லை" என்று ஒரு பாத்திரமே சொன்னால், காட்ட இடமில்லாமல் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு குமிழில் இருபது சொற்களைத் தாண்டுகிறது என்றால் பெரும்பாலும் அங்கே இப்படி ஒரு விளக்கம் ஒளிந்திருக்கும்.

எழுதி முடித்ததும் பேசுபவர் பெயர்களை மறைத்து வசனங்களை மட்டும் வாசித்துப் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாத வரிகளைத் திருத்துங்கள். வசனத் திருத்தத்துக்கு நேரம் இதுதான், இதற்கு முன் இல்லை.

9. ஓவியருக்கும் முதல் வாசகருக்கும்

ஓவியருக்கு ஸ்கிரிப்டோடு ஐந்து வரிக் குறிப்பையும், அந்தப் பாத்திரம் கடைசியாக வந்த பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். உணர்ச்சியின் பெயரை மட்டும் எழுதாமல் உடலை எழுதுங்கள். "குற்ற உணர்ச்சி" என்றால் பத்து ஓவியர் பத்து விதமாக வரைவார்கள். "தட்டைப் பார்க்கிறாள், கதிரைப் பார்க்கவில்லை" என்றால் ஒன்றுதான்.

கதைச்சுருக்கம் கொடுத்து, படம் வரைந்த பிறகு வசனம் எழுதும் முறையில் வேலை செய்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். இன்னொரு அமெரிக்க நிறுவனமான மார்வெலில் பல காலம் இப்படித்தான் எழுதினார்கள். படத்தில் ஒரு முகமும் குமிழில் வேறொரு மனமும் வர இதில் வாய்ப்பு அதிகம். இரண்டும் மோதினால் வசனத்தை மாற்றுங்கள், முகம் சொல்வதற்கு எதிராக எழுதாதீர்கள்.

பென்சில் வரைவு வந்ததும் தொடரை அறிந்த ஒருவரிடம் கொடுங்கள். "பிடித்ததா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார். "ஆதிரை ஏன் இதைச் செய்தாள்?" என்று கேளுங்கள். ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டிப் பதில் சொன்னால் சரி, மை போடலாம். "ஒருவேளை…" என்று தொடங்கினால் அந்தக் காரணம் இன்னும் உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அட்டவணைக்குத் திரும்பி, அதற்கு எந்த இதழில் ஒரு பக்கம் கிடைக்கும் என்று தேடுங்கள்.